பிள்ளையின் படிப்பு எந்தச் சட்டத்தில்? இரண்டு சட்டங்களுக்கு ஓர் உரை

உரைக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு சட்டங்களின் சில பகுதிகள். ஒன்று 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ரணவிரு சேவை அதிகாரசபைச் சட்டம். மற்றது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம். முன்னது படைக்கும் பொலிசுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உரியது. பின்னது போரில் இழந்த எல்லோருக்கும் உரியது. இரண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள்.

யாழ்ப்பாணத்தார் செய்யுளுக்கும் சாத்திரத்துக்கும் நிறைய உரை எழுதியிருக்கிறார்கள். சட்டத்துக்கு உரை சொல்வது சட்டத்தரணிகளோடு நின்றுவிடுகிறது. பிரதேச செயலகத்து வாங்கில் கோப்புக் கட்டோடு காத்திருக்கும் தாய்க்கும் அந்த உரை வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மூலத்தை அப்படியே பெயர்த்து எழுதவில்லை. பொருள் மாறாமல் சுருக்கித் தருகிறேன்.

முதற் சட்டம்

“படைகளிலும் பொலிசிலும் அங்கவீனமுற்றவர்களின் பிற்பராமரிப்பு, புனர்வாழ்வு”

சட்டம் எந்த ஆண்டு வந்தது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. டிசம்பரில் யாழ்ப்பாண நகரம் படையினர் வசமானது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1997 மேயில் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை வன்னிக் காட்டில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபட்டது. குருநாகலுக்கும் அநுராதபுரத்துக்கும் மொனராகலைக்கும் முத்திரையிட்ட பெட்டிகள் போய்க்கொண்டிருந்த காலம் அது. கை கால் இழந்து திரும்பியவர்கள் இன்னும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகளின் மக்கள், வேறு வேலை இல்லாமல் படையில் சேர்ந்தவர்கள். அந்த வீடுகளின் வறுமையைப் பற்றி நாம் இங்கே அதிகம் பேசியதில்லை. இந்தச் சட்டத்தை நியாயமாக வாசிக்க வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 12 ஆண்டுச் சேவை நிறைவடைய முன்னரே காயப்பட்டு விலக நேர்ந்த படையினர், ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்புக் கோட்டையில் போராடினார்கள். ஊன்றுகோலோடு வந்தவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடிக்கப்பட்டன. சேவைக் காலத்தை ஆண்டுகளாக எண்ணி உரிமை கொடுக்கும் எந்த ஏற்பாட்டிலும் இந்தக் குறை இருக்கும். காலை இழந்தவன் 11ஆம் ஆண்டில் இழந்தானா 13ஆம் ஆண்டில் இழந்தானா என்பது அவனுடைய பிள்ளையின் பள்ளிச் செலவை மாற்றப்போவதில்லை.

“படை, பொலிஸ் உறுப்பினர்களின் நலன்”

‘நலன்’ என்பதற்கு எல்லை சொல்லப்படவில்லை. அதனால் அது வளர முடிந்தது. வளர்ந்த திசைகளுள் முக்கியமானது கல்வி. இந்தச் சட்டத்தின் வழியாக மட்டும் அது வளரவில்லை. பாதுகாப்பு அமைச்சும் கல்வி அமைச்சும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தத்தம் பங்குக்குச் சேர்த்தன. படையினரின் பிள்ளைகளுக்கென்று பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி 2007இல் கொழும்பில் திறக்கப்பட்டது. தரம் 1 அனுமதிக்கான சுற்றறிக்கைகளில் போர்ப் பகுதிகளில் சேவை செய்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் வந்தது. இந்த நாட்டில் பெயர்பெற்ற பாடசாலையில் தரம் 1 இடம் எடுக்கப் பெற்றோர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும். பல்கலைக்கழக அனுமதியில் படையிலும் பொலிசிலும் சேர்ந்தவர்களுக்கென்று ஒரு விசேட ஏற்பாடு உண்டு. இரத்மலானையில் சேர் ஜோன் கொத்தலாவலையின் கந்தவளைத் தோட்டத்தில் 1981இன் சட்டப்படி எழுந்த பாதுகாப்புக் கல்விக்கழகம் பின்னர் பட்டம் வழங்கும் உரிமை பெற்று, இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது.

நீண்ட சேவை செய்தவனின் பலன் அவனோடு நின்றுவிடாமல் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பது இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை. அமெரிக்கச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. 36 மாதங்களுக்கான கல்விச் செலவு படைவீரருக்கு உரித்தாகிறது. ஆறு ஆண்டு சேவை முடித்து, மேலும் நான்கு ஆண்டு இருக்க ஒப்புக்கொண்டால் அந்த உரித்தை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ மாற்றி எழுதிக் கொடுக்கலாம். 2018இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 16 ஆண்டுக்கு மேல் சேவை செய்தவர்கள் இனிமேல் மாற்ற முடியாது என்று வரம்பு வைக்கப் பார்த்தது. அதிக காலம் உழைத்தவர்களுக்கே கதவைச் சாத்துவதா என்று எதிர்ப்பு எழுந்தது; அடுத்த ஆண்டு அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் இயற்றித் தடுத்தது. இந்தியாவில் 1971 போருக்குப் பிறகு, இறந்த, காணாமற்போன, ஊனமுற்ற படையினரின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றது. 2017இல் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2018 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரே செய்திதான். ஒருமுறை உரிமையாகக் கொடுத்த கல்வியை எந்த அரசாலும் இலகுவில் திருப்பி எடுக்க முடியாது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கொள்கை புதிதல்ல. மலாயாவில் ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் முப்பது வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊரில் சொல்வோம். அவர் கண்மூடிய பிறகும் மனைவிக்குப் பென்சன் வந்தது. அந்தக் காசில் பிள்ளைகள் மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளும் படித்தார்கள். கிராமப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் எழுந்தது. ஒருவர் உழைத்த காலம் இன்னொருவரின் படிப்பாக மாறும் என்பதைக் கண்ணால் கண்ட சமூகம் இது. படைச் சேவையும் நமக்கு எப்போதும் அந்நியமாக இருக்கவில்லை. 1955இல் இலங்கை இராணுவத்தின் முதல் சுதேசத் தளபதியானவர் அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் பத்து ஆண்டுகள் கடற்படைத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும்.

படையின் அளவு குறையப்போகிறது. 2030இல் இராணுவத்தை 100,000 பேராக்குவோம் என்று 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. 22 ஆண்டு முடித்து நாற்பது வயதில் ஊர் திரும்பும் சிப்பாய்க்கு அப்போதுதான் பிள்ளைகள் சாதாரணதரம், உயர்தரம் எழுதும் பருவத்தில் இருப்பார்கள். அவர்களுக்கான கல்விச் சலுகை விரிய வேண்டும். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை படித்து முன்னேறினால்தான் படை ஒன்றே பிழைப்பு என்ற நிலை அந்தக் கிராமத்தில் மாறும். அதில் யாழ்ப்பாணத்துக்கும் நன்மை உண்டு.

“களத்தில் கொல்லப்பட்ட, அல்லது காணாமற்போன உறுப்பினர்களில் தங்கிவாழ்வோர்”

இந்தச் சட்டத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. இடையில் வரும் ‘அல்லது’வைக் கவனிக்க வேண்டும். இறந்தவரின் குடும்பமும் காணாமற்போனவரின் குடும்பமும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. உடல் கிடைத்ததா என்று சட்டம் கேட்கவில்லை. களத்தில் இறந்த படைவீரரின் குடும்பத்துக்கு அவருடைய சம்பளம் தொடர்ந்து போகிறது. அது மாதா மாதம் வரும். பிள்ளைக்கு சப்பாத்து, கொப்பி, ரியூசன் காசு எல்லாம் அதிலிருந்துதான். தகப்பன் போன பிறகும் தகப்பனின் உழைப்பு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் துயரம் ஆறிவிடும் என்று நினைப்பது தவறு. 1998இல் கிளிநொச்சிச் சமரில் தன் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, காணாமற்போன படையினரின் பெற்றோர் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கமாக அதை விரித்து, வடக்கின் தாய்மாரோடு உட்கார்ந்து பேசினார். கண்டிப் பக்கத்துத் தாய் கேட்டதும் கிளிநொச்சித் தாய் கேட்டதும் ஒரே கேள்வி. ஆனால் முதலாமவரின் வீட்டில் மற்றப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு ஒரு வழி செய்திருந்தது.

இரண்டாமவரின் வீட்டில் என்ன நடந்தது? காணாமற்போன கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் பல வேலைகள் சுலபமாகும்: காணி மாற்றலாம், வங்கிப் பணம் எடுக்கலாம், உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதில் கையெழுத்து வைப்பது தன் கையாலேயே அவரைக் கொன்றதாகாதா என்று பெண்கள் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம்தான் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற நடுவழியைத் திறந்தது. போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த நடுவழி அது. 2009இல் தரம் 1இல் சேர்ந்த பிள்ளை அந்த ஆண்டில் தரம் 8இல் இருந்தது. அதுவரை தாய்க்குச் சான்றிதழும் இல்லை, சம்பளமும் இல்லை.

இரண்டாம் சட்டம்

“வடக்கு கிழக்கில் நடந்த ஆயுத மோதலின் போதோ, அதன் விளைவாகவோ, அதன் பின்னரோ உயிரிலும் உடலிலும் உடைமையிலும் இழப்புக்கு ஆளானவர்கள், அரசியற் குழப்பங்களிலும் கலவரங்களிலும் ஆளானவர்கள், வலிந்து காணாமலாக்கப்பட்டவர்கள்”

யார் கையால் இழந்தாய் என்று இந்தச் சட்டம் கேட்கவில்லை. அதுவே இதன் பெருமை. 1995 செப்ரெம்பர் 22இல் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விழுந்த குண்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் இதற்குள் வருகிறார். 1990 ஒக்ரோபர் 30இல் உடுத்த துணியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமும் வருகிறது. புத்தளத்து முகாம் கொட்டில்களில் எழுத்துப் பழகிய அந்தப் பிள்ளைகளின் கல்விக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். யாழ்ப்பாண முஸ்லிம்களின் ஒஸ்மானியாக் கல்லூரி பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததை நம் இழப்புக் கணக்கில் நாம் எழுதவில்லை. எல்லைக் கிராமத்தில் வெட்டுப்பட்ட சிங்கள விவசாயியின் பிள்ளையும் இதற்குள் வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் முதற் சட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் தகப்பன் சீருடை அணியவில்லை.

போராளிகளின் பிள்ளைகள்? உரைகாரன் தாண்டிப் போகக் கூடாத கேள்வி இது. 2009க்குப் பிறகு 12,000 பேரளவில் புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போனார்கள். அவர்களுள் சிறுவராயிருந்த பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். பலர் 2010இல் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். நன்றாகச் செய்யப்பட்ட வேலை அது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விடுதலையாகி வந்து, குடும்பமாகி, கூலி வேலை செய்யும் முன்னாள் போராளியின் பிள்ளை இன்று பாடசாலைக்குப் போகிறது. அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்திலும் போரிடவில்லை. இறந்த போராளியின் பிள்ளையும் அப்படித்தான். உயிரிழப்பு என்று சட்டம் சொல்வதைச் சட்டம் சொன்ன அகலத்திலேயே வாசிக்க வேண்டும். அதைச் சுருக்கி வாசிப்பவர்கள் தகப்பனுக்கான தண்டனையைப் பிள்ளையின் கொப்பியில் எழுதுகிறார்கள்.

“இறந்தவரின், காணாமற்போனவரின் உறவினர்”

இதற்கு நீண்ட உரை வேண்டாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்த 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தோடு சேர்த்து இதை வாசிக்க வேண்டும். முதற் சட்டம் ‘தங்கிவாழ்வோர்’ என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் இது ‘உறவினர்’ என்று விரிகிறது. தாயும் தகப்பனும் போய், அம்மம்மாவோ பெரியம்மாவோ வளர்க்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. ஆகவே அந்த விரிவு நமக்குத் தேவையானது.

“தனியாள் இழப்பீடு: பணம் அல்லது பொருள், நுண்நிதி, சலுகைக் கடன், கல்வி, பயிற்சி, திறன்விருத்தி நிகழ்ச்சிகள், நிர்வாக உதவியும் உளசமூக ஆதரவும், காணி, வீடு”

கல்வி இங்கே பெயர் சொல்லி நிற்கிறது. நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னே கடன் நிற்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. வடக்கில் நுண்கடன் என்ன செய்தது என்பதை வடமராட்சியிலும் வன்னியிலும் கேட்டால் தெரியும். கணவனில்லாத பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பயந்து வாழ்ந்தார்கள். 2018இல், இந்தச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்திருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே இரத்துச் செய்ய வேண்டியிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை இழப்பீடு என்று எப்படிச் சொல்வது? அந்தத் தவணைக்காகத்தான் பல வீடுகளில் மூத்த பிள்ளையின் படிப்பு நின்றது.

இனிக் கல்வி. ‘நிகழ்ச்சிகள்’ என்கிறது சட்டம். நிகழ்ச்சி என்றால் தொடங்கும், முடியும், நிதி வந்தால் நடக்கும், வராவிட்டால் நிற்கும். முதற் சட்டத்தின் குடும்பத்துக்குப் போகும் சம்பளம் அப்படி நிற்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் இரண்டு சட்டமும் கல்விக்கு உதவுகின்றன என்று சொல்லிவிட்டுப் போவது பிழையான உரை. படைவீரரின் பிள்ளைக்கு உரிமை. மற்றப் பிள்ளைக்கு நிகழ்ச்சி.

இடைவெளியை நிரப்ப இங்கே நடப்பது என்ன? பாடசாலைகளில் விழா வைத்துப் படையினர் புத்தகப் பையும் சைக்கிளும் கொடுக்கிறார்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் முன்பள்ளி ஆசிரியைகள் வேலை செய்கிறார்கள். கொடுப்பவர் மனம் நல்லதாகவே இருக்கலாம். வேலையில்லாப் பெண்ணுக்கு அந்தச் சம்பளம் பெரிது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையை வாங்க மேடையேறும் பிள்ளையும், படம் பிடிக்கும்போது தலை குனியும் தாயும், அது தங்களுக்கு உரித்தானது என்று உணர்வதில்லை. தகப்பனைக் கொண்டுபோனவர்கள் யார் என்று தாய் நம்புகிறாளோ அவர்கள் கையாலேயே பிள்ளை பை வாங்குகிறது. கல்விக் காசு கல்வித் திணைக்களத்தின் கணக்கிலிருந்து, அதிபரின் கையெழுத்தோடு, வங்கிக்கு நேரே வர வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார், காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார்கள். 2022இல் அரசு ஒரு தடவைக் கொடுப்பனவாக ஓர் இலட்சம் ரூபாய் அறிவித்து, பின்னர் இரண்டு இலட்சமாக்கியபோது, வாயை அடைக்கும் காசு என்று பலர் மறுத்தார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஒரு தடவை கொடுத்துக் கணக்கை மூடும் பணத்தில் அந்த வாடை இருக்கத்தான் செய்யும். தம்பியின், தங்கையின், பேரப்பிள்ளையின் படிப்புக்கு மாதா மாதம் வரும் உரித்து வேறு வகையானது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: விண்ணப்பத்தில் எந்த இடத்திலும் விசாரணையைக் கைவிடுகிறேன், வழக்கு முடிந்தது, அவர் இறந்துவிட்டார் என்று தாயிடம் கையெழுத்துக் கேட்கக் கூடாது. முதற் சட்டத்தின் ‘அல்லது’வை இரண்டாம் சட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் அப்படியே கொண்டுவந்து வைக்கலாம். கிளிநொச்சிச் சமரில் தொலைந்த சிப்பாயின் தாயிடம் கேட்காத கையெழுத்தை போரின் முடிவில் வட்டுவாகலில் மகனைப் படையினரிடம் கையளித்த தாயிடமும் கேட்க வேண்டாம்.

“கூட்டு இழப்பீடு: நினைவுகூரல், உட்கட்டமைப்பு, சமூகத்துக்கான கல்வி, பயிற்சி”

பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டியது இதில் வரும். வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் பல ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடக்க, பிள்ளைகள் வேறு ஊர்க் கொட்டில்களில் படித்தார்கள். காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இல்தான் தன் மண்ணுக்குத் திரும்பியது. கட்டடம் திரும்பிவிட்டது, அந்த இருபத்தைந்து ஆண்டில் அங்கே படிக்க வேண்டியிருந்தவர்கள் திரும்பவில்லை.

இவர்களைப் பற்றிச் சட்டம் எங்கும் வயது வரம்பு சொல்லவில்லை என்பதே என் உரையின் கடைசிப் பகுதி. கல்வி என்றதும் அலுவலர்கள் பாடசாலைப் பிள்ளையை மட்டும் நினைக்கிறார்கள். 2009இல் பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று இருபதுகளின் நடுவைத் தாண்டிவிட்டது. 1995 இடப்பெயர்வில் சாதாரணதரத்தோடு நின்றவருக்கு இன்று தலை நரைக்கிறது. 1944 ஜூன் 22இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கையெழுத்திட்ட படைவீரர் சட்டம், போரால் படிப்பு அறுந்த வளர்ந்த மனிதர்களுக்காகவே எழுதப்பட்டது. 1956க்குள் 78 இலட்சம் பேர் அதன் வழியாகக் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போனார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போரிலிருந்து வந்தவர்கள். மனைவி பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

இழப்பீடுகளுக்கான அலுவலகம் கொள்கையும் வழிகாட்டலும் வகுத்து அமைச்சரவைக்கு அனுப்பலாம் என்று சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தக் கொள்கையில் மாதாந்தக் கல்வி உரித்து என்று எழுதலாம். பாடசாலைப் பிள்ளைக்கு உயர்தரம் முடியும் வரை. பல்கலைக்கழகத்துக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ போனால் அது முடியும் வரை. படிப்பு நின்றுபோன வளர்ந்தவருக்குத் தொழிற்பயிற்சிக் காலம் வரை. காணக்கிடைக்காமைச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் ஒரே மதிப்பில். எந்தப் படையின் முகாமுக்கும் போகாமல், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் அதிபரின் வரவுப் பதிவும் போதும் என்று. படைவீரரின் பிள்ளைக்குப் போகும் ஒரு சதத்தையும் இதற்காகக் குறைக்க வேண்டியதில்லை.